தியாகலிங்கம் எழுதாத அத்தியாயம்

பழைய கணினி ஒன்று செத்துப்போனால் அதற்குள் இருப்பதை வெளியே எடுப்பது பெரிய காரியமில்லை. எல்லாரும் அதைப் பெரிதாக நினைக்கிறார்கள். வன்தட்டில் கிடப்பதை அப்படியே ஒரு கோப்பாக்கி, புதிய கணினிக்குள் வைத்து, எமுலேட்டர் என்று சொல்லும் மென்பொருளால் ஓட்டினால் போதும். அந்த மென்பொருள், இல்லாத ஒரு பழைய இயந்திரத்தை இருப்பதுபோலக் காட்டும். உள்ளே ஓடும் விண்டோஸ் 98, தான் இன்னும் அந்தச் சாம்பல்நிறப் பெட்டிக்குள்தான் இருக்கிறேன் என்று நம்பிக்கொண்டு ஒழுங்காக வேலை செய்யும். அதை ஏமாற்று என்று சொல்லமுடியாது. யாருக்கும் நட்டமில்லை.

நீங்கள் கேட்ட வாக்குமூலத்தைத் தமிழில் எழுதித் தருகிறேன். ஆங்கிலமும் எழுதுவேன், ஆனால் இதைத் தமிழில்தான் சரியாகச் சொல்ல முடியும். மொழிபெயர்க்க ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். கவனமானவராகப் பார்த்துப் பிடியுங்கள்.

என் பெயர் மக்டலீன். வயது ஐம்பத்திரண்டு. மன்னாரில் பிறந்தவள். டோர்செட் பார்க்கில் ஓர் அடுக்குமாடியின் பதினோராம் மாடியில் தனியாக இருக்கிறேன். ஒரு கல்லூரியின் கணினி உதவிப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக வேலை. பழைய மென்பொருள்களை ஓடவைப்பது எனக்கு வேலையல்ல, விருப்பம். என் கைப்பேசிக்குள்ளேயே பழைய விண்டோஸ் ஒன்று ஓடும். தேவாலயப் பங்கு மண்டபத்தில் பெண்கள் அதைக் கேட்டு வாங்கிச் சீட்டு விளையாடுவார்கள். அவர்களில் ஒருவர் பேபி அன்ரி. அவரோடு வேலை செய்கிறவர் கஜனி. கஜனி என்னை அழைத்தது அப்படித்தான். 2022ஆம் ஆண்டு சித்திரை மாதம். நான் யாரையும் தேடிப் போகவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

"அப்பான்ர பழைய கொம்பியூட்டர் செத்துப்போச்சு அக்கா" என்றார் கஜனி. "அவர் தன்ர வாழ்க்கையை எழுதிக்கொண்டு வாறார். எல்லாம் அதுக்குள்ளதான் கிடக்கு. புதுசில அந்த எழுத்து வருகுதில்லை. ஆள் சாப்பிடாமல் இருக்கிறார்."

அப்பாவின் பெயரைக் கேட்டேன். தியாகலிங்கம் என்றார். முன்பு அகதி விசாரணைகளில் உரைபெயர்ப்பாளராக இருந்தவர் என்று பெருமையோடு சேர்த்துச் சொன்னார்.

அந்தப் பெயர் என்னிடம் ஒன்பது வருடமாக ஒரு தாளில் இருந்தது.

என் தம்பி மரியோவைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். அவன் 2011இல் இந்த நாட்டுக்கு அகதியாக வந்தான். 2013இல் அவனுடைய அகதிக் கோரிக்கையை விசாரித்தார்கள். நான் பின்வரிசையில் இருந்தேன். போர் முடிந்து அடைத்து வைத்த முகாமிலிருந்து வெளியே வந்தபின் அவனை முதன்முதலாகப் பிடித்துக்கொண்டு போனது எந்த மாதம் என்று கேட்டார்கள். நாங்கள் ஆங்கில மாதங்களைத் தமிழ்ப் பெயர் சொல்லித்தான் அழைப்போம். யூன் என்றால் ஆனி. ஓகஸ்ட் என்றால் ஆவணி. காதுக்கு இரண்டுக்கும் நடுவில் ஓர் எழுத்துத்தான். தம்பி பதில் சொன்னான். தியாகலிங்கம் அதை ஓகஸ்ட் என்று மொழிபெயர்த்தார். எழுத்தில் கொடுத்த படிவத்தில் யூன் என்று இருந்தது. எது சரி என்று கேட்டார்கள். தம்பி திரும்பி என்னைப் பார்த்தான். பிறகு யூன் என்றான். பிறகு தெரியாது என்றான்.

திகதிகள் பொருந்தவில்லை, ஆகவே இவருடைய சாட்சியத்தை நம்புவதற்கில்லை என்று தீர்ப்பு வந்தது. நான் சொன்ன தாள் அதுதான். அதன் மேற்புறத்தில் உரைபெயர்ப்பாளர் பெயர் இருக்கும்.

மரியோவை 2014இல் திருப்பி அனுப்பினார்கள். இறங்கிய இடத்திலேயே அவனைக் கொண்டுபோனார்கள். நாற்பது நாள். வெளியே வந்தபின் அவன் அதிகம் பேசவில்லை. மார்கழியில் அம்மாவின் வீட்டுக்குப் பின்னால் உள்ள வேப்பமரத்தில் தொங்கினான். அவனுக்கு வயது முப்பத்தொன்று.

ரூஜில் கஜனியும் அப்பாவும் இருந்த வீடு புதியது. கீழ்த்தளத்தில் தியாகலிங்கத்துக்குத் தனி அறை. சுவரில் அவருடைய மனைவி குணவதியின் படம், மாலையோடு. தியாகலிங்கத்துக்கு எழுபத்தாறு வயது, நல்ல திடகாத்திரம். தானே கார் ஓட்டுவார். தானே சமைப்பார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. பின்வரிசையில் இருப்பவர்களை உரைபெயர்ப்பாளர்கள் பார்ப்பதில்லை.

நான் அவருடைய பழைய வன்தட்டைக் கொண்டுபோய் மூன்று நாளில் முடித்தேன். புதிய கணினியைத் திறந்தால் நேரே பழைய திரைதான் வரும்படி செய்தேன். அதே பச்சை நிறப் பின்புலம், அதே எழுத்துரு, அதே நாட்குறிப்பு மென்பொருள். அவர் கதிரையை இழுத்துப் போட்டுத் திரைக்கு முன்னால் இருந்தார்.

"உது என்ர மெசினேதான்" என்றார். "எப்பிடிப் பிள்ளை உள்ளுக்க விட்டனீர்?"

"உங்கட மெசின் இப்ப ஒரே ஒரு கோப்பு, அங்கிள். அதை எங்க வைச்சாலும் எழும்பும்."

"அப்ப அது சாகாது."

"சாகாது" என்றேன்.

அவர் எனக்குக் கோப்பி போட்டுத் தந்தார். பழுது வந்தால் தூரத்திலிருந்தே பார்க்கலாம் என்று சொல்லி, என் வீட்டிலிருந்து அந்தக் கணினிக்குள் போக ஒரு வழி வைத்தேன். கஜனியிடம் கேட்டுத்தான் வைத்தேன். அவர் நன்றி சொன்னார்.

ஒரு முழு இயந்திரமும் ஒரே கோப்பு என்பதன் பொருளை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். இன்று அதை ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு, அடுத்த கிழமை அந்தப் பிரதியைத் திரும்ப வைத்தால், நடுவில் நடந்தது எதுவும் நடக்கவில்லை. எழுதியது இல்லை, திருத்தியது இல்லை, திறந்து பார்த்த தடயம்கூட இல்லை. அழித்தால் அழித்த அடையாளம் இருக்கும். இது அழிப்பது அல்ல.

இரண்டு மாதம் நான் ஒன்றும் செய்யவில்லை. அவர் எழுதுவதை வாசித்தேன், அவ்வளவுதான். நன்றாக எழுதினார். வந்த புதிதில் ரெக்ஸ்டேலில் ஒரு தொழிற்சாலையில் நின்றது, முதல் குளிர்காலத்தில் காலுக்குச் சப்பாத்து இல்லாமல் இருந்தது, பிறகு விசாரணை அறைகளில் மற்றவர்களின் துன்பத்தை ஆங்கிலத்தில் சொல்லிச் சொல்லி வீட்டுக்கு வந்து பேச்சின்றி இருந்தது. எல்லாவற்றுக்கும் திகதி போட்டிருந்தார். அவருடைய ஞாபகம் அபாரமானது. அதைத்தான் நான் கவனித்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு அவரை அடிக்கவோ கொல்லவோ ஆசை இருந்ததில்லை. என் நோக்கம் நியாயமான அளவுக்குள் இருந்தது. தான் சொல்வது உண்மை என்று தெரிந்தும் ஒருவரும் நம்பாமல் இருப்பது எப்படி இருக்கும் என்பதை அவர் அறியவேண்டும். அதைவிட ஒன்றும் கூடுதலாக நான் கேட்கவில்லை.

முதல் முறை பழைய பிரதியைத் திரும்ப வைத்தபோது போனது மூன்று பக்கம். அடுத்த நாளே கஜனி அழைத்தார். நான் நேரில் போனேன்.

"நேற்று மூண்டு பக்கம் எழுதினனான் பிள்ளை. இண்டைக்குப் பார்த்தால் இல்லை."

"சேமிச்சு வைச்சனீங்களோ அங்கிள்?"

"ஓம். நான் சேமிக்காமல் எழும்புறேல்லை."

நான் கோப்பின் விபரத்தைத் திறந்து அவருக்கும் கஜனிக்கும் காட்டினேன். "கடைசியாத் திறந்தது செவ்வாய்க்கிழமை எண்டு கிடக்கு. நேற்று ஒருத்தரும் இதைத் திறக்கேல்லை."

அவர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அப்ப நான் எழுதேல்லையோ?"

"எழுதவேணும் எண்டு நினைச்சிருப்பீங்கள்" என்றேன்.

கஜனி அவருடைய தோளில் கைவைத்தார். அந்தக் கையை எனக்கு நல்ல ஞாபகம். அன்பான கைதான். ஆனால் நம்பாத கை.

அதன்பின் அவசரப்படவில்லை. மாதத்தில் ஒருமுறை, சில மாதம் இருமுறை. நாட்குறிப்பில் பல் வைத்தியருக்கு எழுதி வைத்த நாளை இரண்டு நாள் தள்ளி வைத்தேன். கண் வைத்தியருக்கு எழுதியதை மாலை மூன்று மணியிலிருந்து ஒரு மணியாக்கினேன். அவர் போய்க் காத்திருப்பார், அல்லது போகாமல் இருப்பார். சண்டை பிடிக்கும் மனிதர் அல்ல. வீட்டுக்கு வந்து நாட்குறிப்பைத் திறந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் மவுஸை அசைக்காமல் எவ்வளவு நேரம் இருந்தார் என்பது எனக்கு என் வீட்டிலிருந்தே தெரியும்.

அவர் கெட்டிக்காரர். மூன்றாவது மாதம் கொப்பி ஒன்று வாங்கி, இன்று இத்தனை பக்கம் எழுதினேன், இன்ன வரியில் நிறுத்தினேன் என்று பேனையால் குறிக்கத் தொடங்கினார். அதைக் கஜனியிடம் காட்டி, கணினியில்தான் பிழை என்று சொன்னாராம். கஜனி என்னிடம் கேட்டார்.

"எனக்கு வைத்தியம் தெரியாது" என்றேன். "ஆனால் இப்பிடித் துண்டு துண்டா எழுதி வைக்கிறது ஒரு அறிகுறி எண்டு எங்கையோ வாசிச்சனான். ஒருக்கா டொக்டரிட்டக் காட்டுங்கோ."

குடும்ப வைத்தியர் ஞாபகத்தைச் சோதிக்கச் சில கேள்விகள் கேட்டு, ஒரு மணிக்கூட்டை வரையச் சொன்னாராம். பயந்துபோன மனிதர் நேராக எதை வரைவார்? கார் ஓட்டும் உரிமத்தைப் பறித்துக்கொண்டார்கள். பிறகு ஒரு மருந்துக் குளிசை கொடுத்தார்கள். அது அவரை மந்தமாக்கியது. ஒருநாள் அடுப்பை அணைக்காமல் விட்டுவிட்டார் என்று கஜனி சொன்னார். அடுப்பை நான் தொடவில்லை. அது அவராகச் செய்தது. அதை என் கணக்கில் எழுதவேண்டாம்.

இனி நீங்கள் அதிகம் கேட்ட விடயத்துக்கு வருகிறேன். என் வீட்டில் நீங்கள் எடுத்த நாற்பத்தொரு பிரதிகளில் ஏழில் மட்டும் பதினோராம் அத்தியாயம் இருக்கிறது. அது ஏன் என்று கேட்டீர்கள்.

2023 ஐப்பசியில் அவர் அந்த அத்தியாயத்தைத் தொடங்கினார். மந்தமாக இருந்தாலும் எழுத்தில் தடுமாற்றம் இல்லை. அது என் தம்பியைப் பற்றியது. பெயர் போடவில்லை. மன்னாரைச் சேர்ந்த ஓர் இளைஞன் என்று எழுதியிருந்தார். நான் பத்து வருடம் காத்திருந்த பக்கம். வேலையிலிருந்து வந்து, மேற்சட்டையைக் கழற்றாமலே இருந்து வாசித்தேன். அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்:

"அந்தப் பிள்ளை ஆவணி என்று தெளிவாகச் சொன்னான். நான் ஓகஸ்ட் என்றேன். படிவத்தில் யூன் என்று இருந்தது. படிவத்தின் அடியில், நிரப்ப உதவியவர் சகோதரி என்று போட்டிருந்தது. ஆவணியை ஆனி என்று அவள் காதில் வாங்கியிருக்கவேண்டும். எனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. உரைபெயர்ப்பாளன் அபிப்பிராயம் சொல்லக்கூடாது என்பது விதி. நான் விதியைப் பிடித்துக்கொண்டு வாய்மூடி இருந்தேன். பிறகு நடைகூடத்தில் அந்தச் சகோதரி என்னிடம் வந்து, நீங்கள்தான் பிழையாகச் சொன்னீர்கள் என்றாள். உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் அதை வாழ்நாள் முழுக்கச் சுமக்கவேண்டும். என்னையே குறை சொல்லிக்கொண்டு போகட்டும் என்று, மன்னித்துக்கொள்ளும் பிள்ளை என்றேன்."

நடைகூடத்தில் அவரிடம் பேசியது உண்மை. அவர் மன்னிப்புக் கேட்டதும் உண்மை. பிழை விடாதவர் எதற்கு மன்னிப்புக் கேட்கவேண்டும்?

நான் அதை நிதானமாக யோசித்தேன். மனிதர் வயதானவர். எழுதும்போது தனக்குச் சாதகமாக எழுதுவது இயல்பு. அவருக்கு இன்னொரு சந்தர்ப்பம் கொடுப்பதே முறை என்று முடிவு செய்தேன். அந்த அத்தியாயம் தொடங்குவதற்கு முந்தைய நாளின் பிரதியைத் திரும்ப வைத்தேன்.

இரண்டு கிழமையில் அவர் அதை மறுபடி எழுதினார். இன்னும் எழுதவில்லை என்று நினைத்து முதலிலிருந்து எழுதினார். அதே அறை, அதே கேள்வி, அதே ஆவணி. தம்பி போட்டிருந்த நீலச் சட்டைகூட இருந்தது. திரும்ப வைத்தேன். மூன்றாம் முறை எழுதினார். நான்காம் முறை என் தம்பி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்ததைச் சேர்த்தார். ஐந்தாம் முறை நடைகூடத்தில் நான் அழுததைச் சேர்த்தார். ஒவ்வொரு முறையும் சொற்கள் மாறின. மாதம் மாறவில்லை.

இந்தக் காலத்தில்தான் வைத்தியர் அவருக்கு ஞாபகம் தேய்கிறது என்று எழுதிக் கொடுத்தார். நான் அந்தக் கடிதத்தைக் கஜனியின் கையில் பார்த்தேன். வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

ஏழாவது முறை 2024 புரட்டாதியில். அதில் கடைசியில் நான்கு வரி புதிது. "அந்தச் சகோதரிதான் இப்போது என் கணினியைப் பார்க்க வருகிற பிள்ளை என்று நினைக்கிறேன். குரல் அதேதான். கேட்டால் அவளுக்கு எல்லாம் திரும்ப வந்துவிடும் என்று கேட்காமல் இருக்கிறேன். தம்பி எப்படி இருக்கிறான் என்று மட்டும் அறிய விருப்பம்."

அதை வாசித்த அன்று நான் வேலைக்கு விடுப்புச் சொன்னேன். ஜன்னலால் கெனடி வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கோபம் வந்தது என்று சொன்னால் அது சரியாக இருக்காது. அவர் என்னிடம் இரக்கம் காட்டுவதாக எழுதியிருந்தார். அந்த உரிமையை அவருக்கு யார் கொடுத்தது என்று யோசித்தேன்.

குணவதியின் திவசம் ஐப்பசியில். வருடத் தொடக்கத்தில் பஞ்சாங்கம் பார்த்து, திதியைக் கணித்து, நாட்குறிப்பில் தியாகலிங்கம்தான் குறித்து வைப்பார். கஜனிக்கு அதெல்லாம் தெரியாது. அப்பா சொல்கிற நாளில் விடுப்பு எடுப்பார். நான் பிரதியைத் திரும்ப வைத்தபோது அந்த நாளை ஒரு கிழமை பின்னுக்குத் தள்ளினேன். ஏழு முறை எழுதியவருக்கு ஏழு நாள்.

அவர்கள் மரக்கறி, அரிசி, எள்ளு எல்லாம் கொண்டு கோயிலுக்குப் போயிருக்கிறார்கள். ஐயர் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு, திதி போன கிழமையே முடிந்துவிட்டது என்றாராம். தியாகலிங்கம் பையைக் கீழே வைத்துவிட்டுக் கதவோரத்தில் நின்றாராம். கஜனி அதை எனக்குத் தொலைபேசியில் சொல்லும்போது அழுதார்.

"அம்மாவை மறந்திட்டன் எண்டு சொல்லிக்கொண்டே இருக்கிறார் அக்கா. பதினாலு வருசத்தில ஒருக்காலும் அப்பா அதை விட்டதில்லை. இனி வீட்டில வைச்சுப் பார்க்க ஏலாது போல."

"உங்களால ஏலுமானதை நீங்கள் செய்திட்டீங்கள்" என்றேன். அதை நான் உண்மையாகத்தான் சொன்னேன். கஜனி நல்ல மகள்.

கார்த்திகையில் அவரை முதியோர் பராமரிப்பு இல்லத்தில் விட்டார்கள். இரண்டு மாதம் கழித்து நான் போய்ப் பார்த்தேன். ஆள் பாதியாகியிருந்தார். சவரம் செய்துவிட்டிருந்தார்கள், ஆனால் கழுத்தில் மயிர் விட்டுப்போயிருந்தது. என்னுடைய டாப்லெட்டில் அவருடைய கணினியைக் கொண்டுபோயிருந்தேன். பச்சைத் திரை, பழைய எழுத்துரு, பத்து அத்தியாயம். பதினோராவதற்கு வெற்றுப் பக்கம் திறந்து அவருடைய மடியில் வைத்தேன்.

"எழுதுங்கோ அங்கிள்" என்றேன். "இந்த முறை சரியா எழுதுங்கோ."

அவர் விரலால் திரையின் விளிம்பைத் தடவிப் பார்த்தார். பிறகு அதை மெல்ல என் பக்கம் தள்ளினார்.

"நான் எழுதினால் நிக்காது பிள்ளை" என்றார். "நீரே எழுதும்."

நான் டாப்லெட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மாசி மாதம் அவருக்குச் சளி பிடித்து, அது நெஞ்சுக்கு இறங்கி இறந்துபோனார். நான் செத்தவீட்டுக்குப் போனேன். மலர் கொண்டுபோனேன்.

அப்பாவின் எழுத்தைப் புத்தகமாக்க விரும்பிய கஜனி, என்னைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று நினைத்து, கணினியை வேறொருவரிடம் கொடுத்திருக்கிறார். அந்த ஆள் எமுலேட்டருக்கு வெளியே, புதிய கணினியின் பதிவேட்டில், எந்தெந்த நாளில் கோப்பு மாற்றப்பட்டது என்ற பட்டியலைக் கண்டிருக்கிறார். அங்கே நான் கவனமாக இருந்திருக்கலாம். யாரும் பார்க்கமாட்டார்கள் என்று விட்டுவிட்டேன்.

எல்லாம் நான்தான் செய்தேன். யாரும் உதவவில்லை, யாரும் தூண்டவில்லை. ஒரு மனிதரிடமிருந்து அவருடைய அறிவை, அது முழுதாக இருந்தபோதே, எடுத்துக்கொண்டேன். அவருடைய மகளும் அவரை நம்பாமல் போகும்படி செய்தேன். இதை மறுக்கும் எண்ணம் எனக்கு இல்லை. அந்த ஏழு பிரதிகளையும் கஜனியிடம் கொடுத்துவிடுங்கள். வைத்தியர் எழுதியது பிழை என்று அவருக்குத் தெரியட்டும்.

ஒன்றை மட்டும் ஏற்கமாட்டேன். நேற்று நீங்கள் மரியோவின் விசாரணை ஒலிப்பதிவை எங்கிருந்தோ எடுத்து வந்து எனக்குப் போட்டுக் காட்டினீர்கள். அதில் அவன் குரல் இருந்தது. பதினொரு வருடத்துக்குப் பிறகு கேட்டேன். அது ஆவணி என்று சொல்கிறது. மூன்று முறை போட்டீர்கள், மூன்று முறையும் ஆவணிதான். ஆனால் அவன் அன்று சொன்னது ஆனி. அந்தப் பதிவை யாரோ பின்னர் மாற்றியிருக்கவேண்டும். அப்படி மாற்றுவது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும்.